ரெண்டு 'அருமை'க்கு ஒரு 'வேண்டாம்'

பல் டாக்டரின் நாற்காலியில் மல்லாந்து கிடப்பவரை விட நல்ல ரசிகர் உலகத்தில் கிடையாது. அவரால் எழுந்து போக முடியாது. குறுக்கே பேச முடியாது. கொட்டாவி விட்டால்கூட, "அப்படித்தான், இன்னும் கொஞ்சம் பெரிசா" என்று டாக்டர் பாராட்டுவார்.

இந்த ரகசியத்தைக் கண்டுபிடித்தவள் ரேடியோ. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஆனால் ஒன்பது வருஷமாக டாக்டரின் பக்கத்தில் நின்று, எச்சில் உறிஞ்சும் குழாயை ஒரு கையிலும் பஞ்சை மறு கையிலும் பிடித்துக்கொண்டு ஓயாமல் பேசுகிற உதவியாளருக்கு வேறு எந்தப் பெயரும் ஒட்டவில்லை. டாக்டரே நோயாளிகளிடம் சொல்வார்: "பயப்படாதீங்க, ரேடியோ போட்டாச்சு. வலி தெரியாது."

வெறும் அரட்டை இல்லை. ரேடியோ சொன்னது சினிமாக் கதை. மூன்று வருஷமாக, சாயங்காலம் ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை, சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதிய கதை. மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.

சாவி போடுகிற ஒருவனின் கடைக்கு ஒரு பெண் வருகிறாள். ஒரு சாவியைக் கொடுத்து, அதைப் போலவே இன்னொன்று போடச் சொல்கிறாள். அரை மணி நேரத்தில் வருகிறேன் என்று போனவள் வரவில்லை. ஒரு மாதமாகியும் வரவில்லை. தினமும் அந்த இரண்டு சாவிகளையும் துடைத்துத் துடைத்து வைக்கிறான். ஒரு நாள் கடையைப் பூட்டிவிட்டு, இந்தச் சாவி எந்தக் கதவுக்கு என்று தெருத் தெருவாகத் தேடிக் கிளம்புகிறான். கதவும் கிடைக்கிறது. திறக்கிறான். உள்ளே ஒரு பிணம்! இடைவேளை.

ஊசி போட்டதும் ரேடியோ கதையை ஆரம்பிப்பாள். ஈறு மரத்துப்போகப் பத்து நிமிஷம் ஆகும். அதற்குப் பிறகு டாக்டர் வேலையைத் தொடங்கவும், கதவு திறந்து பிணம் தெரியவும் சரியாக இருக்கும். அந்த இடத்தில் நோயாளிகள் நாற்காலியின் கைப்பிடியை நகக்கண் வெளுக்கப் பிடிப்பார்கள். சிலருக்குக் கால் விரல்கூட மடங்கும். அதைப் பார்க்கப் பார்க்க ரேடியோவுக்கு உற்சாகம் தாங்காது. முதலில் வெறும் அறை என்றுதான் எழுதியிருந்தாள். ஒரு தடவை சும்மா பிணம் என்று சொல்லிப் பார்த்தாள். கைப்பிடியே கழன்றுவிடும் போலிருந்தது. அன்றிலிருந்து பிணத்தை நிரந்தரமாக்கி, அதன் தலைமேல் போலீஸ், துரத்தல், இரட்டைப் பிறவி என்று ஐம்பத்தேழு பக்கம் கட்டிவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"ரேடியோ, மார்க்கெட் தெருவுல இன்னொரு கிளினிக் திறக்கப் போறேன். நிர்வாகம் பூரா நீதான். சம்பளம் ஒண்ணரை மடங்கு."

"நேரம் டாக்டர்?"

"மத்தியானம் ரெண்டிலேருந்து ராத்திரி ஒன்பது."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது போலத்தான். ஆனால் அந்தப் பாலுக்குள் ஆறு மணியும் எட்டு மணியும் மூழ்கிப் போகும். எழுத்துக்குப் பெரிய கும்பிடு போட வேண்டியதுதான்.

"திங்கக்கிழமைக்குள்ள சொல்லு. நீ இல்லேன்னா வேற ஆள் பார்க்கணும்" என்றார் டாக்டர்.

அன்று பஸ்ஸில் போனைத் தடவிக்கொண்டே போனவளின் கண்ணில் அந்த விளம்பரம் பட்டது. 'உங்கள் கதையைத் தயாரிப்பு நிறுவனங்களிடம் நேரில் சொல்லுங்கள்! ஐந்து மேஜை. மேஜைக்கு ஏழு நிமிஷம்.' நாள், இந்தச் சனிக்கிழமை. கட்டணம், அவளுடைய மாதச் சம்பளத்தில் சரிபாதி. பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் கட்டிவிட்டாள்.

நாத்தனார் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நாக்கும் கணக்குப் போலத்தான், தப்பவே தப்பாது.

"அண்ணி, கதை கேக்கத்தான் ஜனங்க டிக்கெட் வாங்குவாங்க. நீங்க கதை சொல்ல டிக்கெட் வாங்கிட்டு வந்திருக்கீங்க!"

"ஒரு தடவைதானேடி. அஞ்சு மேஜையில மூணு பேர் ஸ்கிரிப்டை அனுப்பச் சொன்னா, டாக்டர்கிட்ட கிளினிக் வேண்டாம்னுடுவேன். அதுக்குக் குறைஞ்சா, எழுத்தை மூட்டை கட்டிட்டு கிளினிக்குக்குப் போயிடுவேன். பந்தயம்."

"யார்கூடப் பந்தயம்?"

"என்கூடத்தான்."

"அப்ப யார் ஜெயிச்சாலும் தோக்குறது நீங்கதான்" என்று சொல்லிவிட்டு நாத்தனார் விடைத்தாள் திருத்தப் போனாள்.

பந்தயத்தை ரேடியோ டாக்டரிடமும் சொன்னாள். "மூணா? சரி. சனிக்கிழமை லீவு எடுத்துக்க" என்றார் அவர், கையுறையை மாட்டியபடி.

சனிக்கிழமை காலை. ஒரு ஹோட்டலின் மூன்றாம் மாடிக் கூடம். வெளியே வராந்தாவில் நாற்பது பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருடைய மார்பிலும் பெயர்ச் சீட்டு, எல்லாருடைய உதடும் சத்தமில்லாமல் அசைந்தபடி. ரேடியோவுக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. பல் பிடுங்கக் காத்திருப்பவர்களின் அதே முகம்!

ஒரு பெண் ஐந்து டோக்கன்களைக் கொடுத்தாள். அவள் கையில் ஒரு பித்தளை மணி. ஏழு நிமிஷம் முடிந்தால் மணி. மணி அடித்தால் எழுந்துவிட வேண்டும்.

முதல் மேஜையில் ஒரு கறுப்புக் கண்ணாடிக்காரர். கண்ணாடி தலைமேல் இருந்தது. ரேடியோ மூச்சு விடாமல் சொன்னாள். பிணம் வந்தது. மணியும் அடித்தது.

"அருமை! ஸ்கிரிப்ட் அனுப்புங்க" என்றார் அவர்.

இரண்டாம் மேஜையில் தாடிக்காரர் ஒருவர். கதை முழுக்கப் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

"அருமை! அனுப்பிடுங்க."

ரேடியோவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ரெண்டு! இன்னும் ஒன்று போதும். மார்க்கெட் தெருக் கிளினிக் வேறு யாருக்காவது!

தேநீர் இடைவேளையில் பக்கத்து நாற்காலியில் ஒரு டாக்ஸி டிரைவர் உட்கார்ந்தார். ஐம்பது வயது இருக்கும். பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துக்கொண்டே கேட்டார்.

"முதல் தடவையா தங்கச்சி?"

"ஆமாண்ணே. ரெண்டு மேஜை முடிஞ்சுது, ரெண்டு அருமை!"

"எனக்கும் ரெண்டு. போன தடவை அஞ்சு. அதுக்கு முந்தின தடவையும் அஞ்சு."

"அட! அப்புறம்?"

"அப்புறம் என்ன? ஸ்கிரிப்டை அனுப்பினேன். 'கிடைத்தது, நன்றி'ன்னு அஞ்சு பேர்கிட்டேருந்தும் பதில் வந்துச்சு. அஞ்சும் ஒரே நிமிஷத்துல."

ரேடியோ தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். சுற்றிலும் பார்த்தாள். அந்தப் பக்கம் ஒரு கல்லூரிப் பெண் போனில், "அம்மா, அருமைன்னாங்கம்மா!" என்று குதித்துக்கொண்டிருந்தாள். ஜன்னலோரம் ஒரு தாத்தா, "நாலு அருமை" என்று பக்கத்துக்காரரிடம் விரலை விரித்துக் காட்டினார். கூடம் பூராவும் அருமை. அருமைக்குத் தட்டுப்பாடே இல்லை.

"தெரிஞ்சும் ஏண்ணே திரும்பத் திரும்ப வர்றீங்க?"

"வருஷம் பூரா ஜனங்க சொல்றதை நான் கேக்குறேன். ஏறினவன் எல்லாம் மாமியார் கதை சொல்றான். நான் வாயைத் திறந்தா 'ஏசியைக் கூட்டுங்க'ங்கிறான். வருஷத்துல ஒரு நாள், மேஜை நாற்காலி போட்டு, என் எதிர்ல ஒருத்தர் உக்காந்து என் கதையைக் கேக்குறார். காசுக்குத்தான் கேக்குறார். இருந்தாலும் கேக்குறாரே!"

மறுத்துப் பேச முடியாத நியாயம்தான். ரேடியோ மிச்சமிருந்த மூன்று டோக்கனோடு எழுந்தாள்.

மூன்றாம் மேஜையில் ஒரு அம்மாள். குட்டை முடி, அதில் செருகிய பென்சில், முன்னால் ஆறிப்போன தேநீர். ரேடியோ ஆரம்பித்தாள். சாவி, பெண், அரை மணி நேரம்...

"ஒரு நிமிஷம்" என்றார் அந்த அம்மாள். "தொலைஞ்சா தொலையட்டும்னு விட்டுட்டு வேற வேலையைப் பார்க்காம, அவன் ஏன் காத்துக்கிட்டிருக்கான்?"

மூன்று வருஷத்தில் முதல் தடவையாக ஒருவர் குறுக்கே பேசினார். ரேடியோவின் கை தானாகக் காற்றில் குழாயைத் தேடியது.

"அசையாதீங்க, வாயை மூடாம அப்படியே..." என்று வந்துவிட்டது.

அந்த அம்மாள் வாயைப் பிளந்தபடியே இருந்தார். பிறகு சிரித்தார். "நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

"பல் ஆஸ்பத்திரி மேடம். மன்னிச்சுக்குங்க. பழக்க தோஷம்."

"பரவாயில்ல. மேல சொல்லுங்க."

சொன்னாள். ஆனால் அந்த அம்மாள் விடவில்லை. நாலு வரிக்கு ஒரு கேள்வி. கதவு திறந்து பிணம் தெரிந்ததும் பென்சிலைத் தலையிலிருந்து உருவி மேஜையில் போட்டார்.

"பிணம் எதுக்குங்க? யாராவது கேட்டாங்களா?"

"என்ன மேடம் இப்படிச் சொல்றீங்க! கதையோட உயிரே அந்தப் பிணம்தான். அந்த இடத்துல எல்லாரும் கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பாங்க."

"யாரு எல்லாரும்?"

"எங்க பேஷண்ட்டுங்க. இருநூறு பேர்கிட்டயாவது சொல்லியிருப்பேன். ஒருத்தர் பாக்கியில்லாம பிடிப்பாங்க."

"சரி, அந்த நேரத்துல டாக்டர் என்ன பண்ணிக்கிட்டிருப்பார்?"

"டாக்டரா? அவர் பாட்டுக்கு டிரில்லைப் போட்டு..."

தான் சொன்னதை ரேடியோ அப்போதுதான் கேட்டாள்.

டிரில்! பல்லைக் குடைகிற டிரில்! இருநூறு பேரும் கைப்பிடியைப் பிடித்தது டிரில்லுக்கு! கால் விரல் மடங்கியது டிரில்லுக்கு! டிரில்லை நம்பியல்லவா ஐம்பத்தேழு பக்கம் எழுதியிருக்கிறாள்!

"இந்தக் கதை எனக்கு வேண்டாம்" என்றார் அந்த அம்மாள். சண்டை போடுகிற குரல் இல்லை, மணி சொல்கிற மாதிரி சாதாரணமாக. "ஆனா முன்பாதியில..."

மணி அடித்தது. அடுத்த ஆள் வந்து நின்றாயிற்று. ரேடியோ எழுந்தாள்.

வராந்தாவில் நாலாம் நம்பர் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே நாலாம் மேஜைக்காரர் யாருக்கோ கை கொடுத்து, "அருமை!" என்றது கதவுக்கு வெளியே கேட்டது. போனால் போதும், மூன்றாவது அருமை கிடைத்துவிடும். பந்தயம் ஜெயம். ஆறு மணியும் எட்டு மணியும் அவளுடையதே. ஆனால் அந்த 'ஆனா முன்பாதியில' பல் இடுக்கில் சிக்கிய நார் போல உறுத்தியது. முன்பாதியில் என்ன?

டாக்ஸிக்காரர் கடைசி பெஞ்சில் இருந்தார்.

"அண்ணே, உங்ககிட்ட மூணாம் நம்பர் டோக்கன் இருக்கா?"

"இருக்கே. இன்னும் கால் மணி நேரத்துல."

"அதைக் குடுங்க. நாலும் அஞ்சும் தர்றேன்."

"ஒண்ணுக்கு ரெண்டா?" அவர் கண்ணைச் சுருக்கினார். "ஏன், மூணாம் நம்பர்ல கையில காசு குடுக்கறாங்களா?"

"இல்லண்ணே. வேண்டாம்னு சொல்றாங்க."

"அதுக்கு வரிசையில நின்னு போற ஆளை இப்பத்தான் பார்க்கறேன்!"

"நாலாம் நம்பர்லயும் அஞ்சாம் நம்பர்லயும் மறுபடி போய்க் கதை சொல்லலாம்ண்ணே. ஒரே நாள்ல ஒரே மேஜைக்கு ரெண்டு தடவை. மறக்கவே மாட்டாங்க."

அவர் யோசித்தார். ஏழு நிமிஷம் கூடுதலாகப் பேசலாம் என்பது அவர் முகத்தில் விளக்குப் போட்டது. டோக்கன் கை மாறியது.

மணிக்காரப் பெண் ஓடி வந்தாள். "மேடம், அப்படியெல்லாம் மாத்தக் கூடாது! அதுல பேர் எழுதியிருக்கு."

ரேடியோ ஒன்பது வருஷமாக வீங்கின கன்னங்களை வரிசையில் உட்காரவைத்தவள். இந்தக் குரலுக்கெல்லாம் அசைவாளா?

"உங்களுக்கு எத்தனை மேஜை நிரம்பணும்மா? அஞ்சு. நிரம்புதா? நிரம்புது. யாராவது வெளிநடப்பு பண்றாங்களா? இல்ல. இவருக்கு அவசரம், எனக்கு வலி. அவ்வளவுதான். போய் மணி அடிங்க, நேரமாச்சு."

அந்தப் பெண் குழம்பிப்போய் மணி அடித்துவிட்டாள்.

மூன்றாம் மேஜை அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். "நீங்களா? நான்தான் வேண்டாம்னுட்டேனே!"

"அதை முழுசாக் கேக்கத்தான் வந்தேன் மேடம். கதை சொல்ல மாட்டேன். முன்பாதியிலன்னு என்னமோ சொல்ல வந்தீங்க."

அந்த அம்மாள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "டிரில் வர்றதுக்கு முன்னாடி உங்க பேஷண்ட்டோட கை எப்படி இருக்கும்? அதைச் சொல்லுங்க."

ரேடியோ யோசித்தாள். யோசிக்க யோசிக்க அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"வரும்போது முறுக்கிப் பிடிச்சுக்கிட்டுதான் வருவாங்க. ஊசி போட்டதும் இன்னும் முறுக்கும். நான் சொல்ல ஆரம்பிச்சா, அவன் சாவியைத் துடைச்சு துடைச்சு வைக்கிறான் பாருங்க, அந்த இடத்துல விரல் எல்லாம் பிரிஞ்சுடும். கையை மடியில போட்டு அப்படியே விட்டுடுவாங்க. ஒரு தடவை ஒருத்தர் வாயைக் கொப்பளிச்சுத் துப்பிட்டு, மரத்துப்போன உதட்டோட, 'அந்தப் பொண்ணு வந்தாளா'ன்னு கேட்டார். அப்படி நாலஞ்சு பேர் கேட்டிருக்காங்க."

"பிணத்தைப் பத்தி எத்தனை பேர் கேட்டாங்க?"

"ஒருத்தரும் கேக்கல மேடம்."

"நானும் அதைத்தான் சொல்ல வந்தேன். அந்த மனுஷன் காத்திருக்கிற வரைக்கும் நான் கடிகாரத்தைப் பார்க்கல. கதவைத் திறந்தீங்க, பார்த்தேன். சரி, பிணத்தைத் தூக்கிட்டா உள்ளே என்ன இருக்கும்?"

"தெரியல."

"நல்லது. தெரிஞ்ச மாதிரி பேசாம இருந்தீங்களே!"

ரேடியோ தயங்கித் தயங்கிக் கேட்டாள். "தெரிஞ்சு எழுதிட்டா எடுத்துப்பீங்களா மேடம்?"

"என்னால 'வேணும்'னு சொல்ல முடியாதுங்க. கம்பெனியில வர்ற கதையைப் படிக்கிற ஆள் நான். 'வேண்டாம்' மட்டும்தான் என் அதிகாரம். 'வேணும்' சொல்றவர் மாடியில இருக்கார். அவர் இந்த மாதிரிக் கூட்டத்துக்கெல்லாம் வர மாட்டார்." ஒரு சீட்டில் விலாசத்தை எழுதி நீட்டினார். "எழுதி முடிச்சா ஆபீஸ்ல குடுங்க. வாசல்ல டோக்கன் கிடையாது, காசும் கிடையாது. படிப்பேன். அப்பவும் வேண்டாம்னு சொன்னாலும் சொல்லுவேன். ஏன்னும் சேர்த்துச் சொல்லுவேன்."

மணி அடித்தது.

சாயங்காலம் டாக்ஸிக்காரரே வீட்டில் கொண்டு விடுகிறேன் என்றார். ரெண்டு மேஜையிலும் ரெண்டு தடவை அருமை வாங்கிய குஷி அவருக்கு.

"அடுத்த வருஷமும் வருவீங்கதானே தங்கச்சி?"

"வர மாட்டேண்ணே. இன்னிக்கு வந்ததுக்கு வருத்தமில்ல. ஆனா வாய் மரத்துப்போகாத யாராவது ஒருத்தர்கிட்ட கதையைச் சொல்லியிருந்தா, அந்த அம்மா கேட்ட கேள்வியை அவங்க எப்பவோ கேட்டிருப்பாங்க. அரை மாசச் சம்பளம் மிச்சம்."

"நான் வருவேன்" என்றார் அவர் சிரித்துக்கொண்டே. "எனக்குக் கேள்வியெல்லாம் வேண்டாம். அருமை போதும்."

ரேடியோ போனை எடுத்தாள். திங்கட்கிழமை வரை காத்திருந்தால் மனசு மாறிவிடும் என்று பயம்.

"என்ன ரேடியோ, எத்தனை?" என்றார் டாக்டர்.

"ரெண்டு அருமை. ஒரு வேண்டாம்."

"மூணு வரல. அப்போ கிளினிக் சாவியை வாங்கிக்க."

"இல்ல டாக்டர். எனக்கு அந்த வேலை வேண்டாம். சாயங்காலம் எனக்கு வேணும்."

"என்னம்மா இது! பந்தயம்னா பந்தயம். நீதானே போட்டே?"

"நான்தான் போட்டேன், தப்பாப் போட்டுட்டேன். அருமையை எண்ணியிருக்கக் கூடாது டாக்டர். அது அங்க கட்டணத்தோட சேர்த்தி, தேநீர் மாதிரி. வேண்டாம்னு சொன்ன ஒருத்தர்தான் என் கதையைக் கேட்டார். பாதியை வெட்டி எறியணும். வெட்டின இடத்துல புதுசா எழுதணும். அதுக்கு ஆறிலேருந்து எட்டு வேணும்."

அந்தப் பக்கம் டாக்டர் பெருமூச்சு விட்டார். "ஒண்ணரை மடங்கு சம்பளம்மா. யோசிச்சுதான் சொல்றியா?"

"யோசிச்சா பயமாத்தான் இருக்கு டாக்டர். இருந்தாலும் வேண்டாம். வரவேற்புல இருக்கிற பொண்ணைக் கேளுங்க. அவளுக்கு அடுத்த மாசம் வாடகை ஏறுது. என்னை விட நல்லா கணக்குப் பார்ப்பா."

"சரி சரி. திங்கக்கிழமை எட்டு மணிக்கு வந்துடு. கடைவாய்ப் பல் ரெண்டு இருக்கு" என்று சொல்லிவிட்டு டாக்டர் போனை வைத்தார். கோபமா இல்லையா என்று தெரியவில்லை. திங்கட்கிழமை தெரியும்.

வீட்டில் நாத்தனார் சமையலறை மேஜையில் விடைத்தாள்களைப் பரப்பி வைத்திருந்தாள்.

"வாங்க அண்ணி! வித்துதா?"

"விக்கல. கிளினிக்கும் வேண்டாம்னுட்டேன்."

நாத்தனார் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தாள். ரேடியோ நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் எடுத்து வந்து, ஐம்பத்தைந்தாம் பக்கத்தில் விரல் வைத்து, அதற்குக் கீழே இருந்த கட்டை அப்படியே தூக்கிப் பழைய பேப்பர் கூடையில் போட்டாள்.

"ஐயையோ! அரை மாசச் சம்பளத்தையும் குடுத்து, பாதிக் கதையையும் தொலைச்சுட்டு வந்திருக்கீங்களே! இது எந்த ஊர்க் கணக்கு அண்ணி?"

"கொஞ்சம் தள்ளி உக்காரு. மணி ஆறாச்சு, எழுதணும்."

நாத்தனார் தள்ளி உட்காரவில்லை. கூடையில் கிடந்ததை எட்டிப் பார்த்தாள். மேஜையில் மிச்சமிருந்த கடைசிப் பக்கத்தை இழுத்துப் படித்தாள். கடைக்காரன் சாவியோடு கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான்.

"உள்ளே என்ன அண்ணி?"

"அதான் தெரியல."

"உள்ளே என்னவோ இருந்துட்டுப் போகட்டும். அடுத்தவங்க வீட்டுக் கதவை, கையில சாவி இருக்குன்னு யாராவது நேரா திறப்பாங்களா? மரியாதை வேண்டாம்? பொம்பளைங்க இருக்கிற வீடாக்கூட இருக்கலாம். முதல்ல..."

"முதல்ல?"

"தட்டுவாங்க" என்றாள் நாத்தனார்.

ரேடியோ அவளையே பார்த்தாள். பிறகு சிவப்புப் பேனாவையே பிடுங்கி, ஒரு வெள்ளைத் தாளை இழுத்துப் போட்டு, குனிந்து எழுத ஆரம்பித்தாள்.

'அவன் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கதவைத் தட்டினான்.'